கிழக்கு மேலே, எருசலேம் நடுவே: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழின் நடுப்பக்கத்தில், இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டு பேராலயத்தில் பாதுகாக்கப்படும் உலகப்படத்தின் ஒளிப்படத்தை வெளியிட்டிருந்தோம். ஏறத்தாழ 1300ஆம் ஆண்டில் வரையப்பட்ட அந்தப் படத்தைப் பற்றியும், அதைப் போன்ற இடைக்காலக் கிறித்தவ உலகப்படங்களைப் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

கேள்வி: படத்தை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் எது ஐரோப்பா, எது ஆசியா என்று பிடிபடவில்லை. கடற்கரைகளின் வடிவமும் உண்மையோடு பொருந்தவில்லை. அக்காலத்தவருக்கு வரைபடம் வரையத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா, ஐயா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அப்படி எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வடக்கு மேலே இருக்கும் என்று எதிர்பார்த்துப் பார்ப்பதால்தான் முதலில் குழப்பம் வருகிறது. இந்தப் படத்தில் மேலே இருப்பது கிழக்கு. வலப்புறமாகக் கால்வட்டம் திருப்பினால் வடக்கு மேலே வந்துவிடும். திருப்பாமலே பார்த்தால், வட்டத்தின் மேற்பாதி ஆசியா, கீழ்ப்பாதியில் இடப்பக்கம் ஐரோப்பா, வலப்பக்கம் ஆப்பிரிக்கா. கீழே உள்ள இரண்டுக்கும் நடுவே நிற்பது மத்தியதரைக் கடல். அவற்றை ஆசியாவிலிருந்து பிரிக்கும் குறுக்குக்கோட்டின் இடப்பாதி டான் ஆறு, வலப்பாதி நைல் ஆறு. எல்லாவற்றையும் சுற்றி வளையமாகப் பெருங்கடல் ஓடுகிறது. ஆங்கில ‘ஓ’ எழுத்துக்குள் ‘டி’ எழுத்தைப் பொருத்தியது போன்ற இந்த அமைப்பை ‘டி–ஓ’ படம் என்று ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள். ஹெரிஃபோர்டு படத்தில் இந்த அமைப்பு நெளிந்தும் நிரம்பியும் கிடப்பதால் சட்டென்று கண்ணில் படுவதில்லை.

636ஆம் ஆண்டில் மறைந்த செவில் நகரத்து ஆயர் இசிதோர் தொகுத்த கலைக்களஞ்சியத்தின் கையெழுத்துப் பிரதிகளில் இவ்வடிவம் மிக எளிமையாகக் காணப்படுகிறது. வட்டம் ஒன்று, உள்ளே இரண்டு கோடுகள், மூன்று கண்டங்களின் பெயர்கள், அவ்வளவுதான். அந்நூல் 1472இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அச்சேறியபோது, அதிலிருந்த சிறிய டி–ஓ படம் ஐரோப்பாவில் அச்சான முதல் உலகப்படம் என்ற இடத்தைப் பெற்றது. அதில் ஆசியாவுக்கு அருகே சேம், ஆப்பிரிக்காவுக்கு அருகே காம், ஐரோப்பாவுக்கு அருகே யாப்பேத்து என்று நோவாவின் மூன்று புதல்வர்களின் பெயர்களும் எழுதப்பட்டிருக்கின்றன. வெள்ளப் பெருக்குக்குப் பின் உலகத்து மக்கள் அனைவரும் அந்த மூவரிடமிருந்தே பெருகினார்கள் என்பது ஆதியாகமம் சொல்லும் செய்தி. மனித குலம் முழுவதும் ஒரே குடும்பம் என்ற கருத்து இதில் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஆப்பிரிக்கர்களைக் காமின் வழித்தோன்றல்களாக எண்ணும் இதே பங்கீட்டையும், காமின் மகன்மேல் விழுந்த சாபத்தையும் சேர்த்துவைத்து, பிற்கால அடிமை வணிகர்கள் தங்கள் கொடுமைக்கு நியாயம் தேடினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

கிழக்கு மேலே வைக்கப்பட்டதற்குக் காரணம், கடவுள் ஏதேன் தோட்டத்தைக் கிழக்கே நாட்டினார் என்ற அதே ஆதியாகமத்தின் வாக்கு. சூரியன் தோன்றும் திசை என்பதாலும், கிறிஸ்து மீண்டும் வரும் திசை என்று நம்பப்பட்டதாலும் தேவாலயங்களின் பலிபீடமும் கிழக்கு நோக்கியே அமைந்தது. ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் படத்தின் உட்பொருள் நமக்குக் கிட்டாது. பாரிசில் வாழ்ந்த 12ஆம் நூற்றாண்டு அறிஞர், புனித விக்தோர் மடத்து ஹியூ, உலகத்தின் தொடக்க நிகழ்ச்சிகள் கிழக்கில் நடந்தன என்றும், காலம் செல்லச்செல்ல நிகழ்ச்சிகளின் மையம் மேற்கு நோக்கி நகர்ந்து வந்திருக்கிறது என்றும், அது மேற்கு எல்லையைத் தொட்டுவிட்டதால் முடிவு நெருங்குகிறது என்றும் எழுதினார். அதை மனத்தில் கொண்டு படத்தை மேலிருந்து கீழே பார்த்து வாருங்கள். உச்சியில் ஆதாமும் ஏவாளும், அதற்குக் கீழே பாபேல் கோபுரம், நடுவில் சிலுவை, அப்புறம் உரோமாபுரி, கீழே மேற்குக் கடலின் ஓரத்தில் படத்தை வரைந்தவரின் சொந்த நாடு. இடத்தை மட்டுமல்லாமல் காலத்தையும் சேர்த்து வரைந்த படம் இது. இரண்டு ஊர்களுக்கு இடையே எத்தனை கல் தொலைவு என்பதைச் சொல்ல அது முயலவே இல்லை. ஆகவே அந்த அளவுகோலை வைத்து அதைக் குறைசொல்வது நியாயமாகாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ஒளிப்படத்தில் எழுத்துகளும் உருவங்களும் மிகச் சிறியவையாக இருந்தன. அந்த ஒரே தோலில் என்னென்ன வரையப்பட்டிருக்கின்றன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல முடியுமா? வரைந்தவர் யார்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஒரே கன்றுத்தோலில், ஏறத்தாழ 1.6 மீட்டர் உயரமும் 1.3 மீட்டர் அகலமுமாக அமைந்த இந்தப் படத்தில் சுமார் ஐந்நூறு சித்திரங்கள் இருக்கின்றன. அவற்றில் நானூற்றுக்கும் மேற்பட்டவை நகரங்களும் ஊர்களும். எஞ்சியவை விவிலிய நிகழ்ச்சிகள், விலங்குகள், பறவைகள், செடிகொடிகள், விநோத மனிதர்கள், கிரேக்கப் பழங்கதைகள். இடப்பக்க மூலையில் பிரெஞ்சு மொழியில் ஒரு விண்ணப்பம் எழுதப்பட்டிருக்கிறது. இதைக் கேட்போரும் படிப்போரும் பார்ப்போரும், இதைச் செய்த ஹால்டிங்ஹாம், லாஃபர்டு ஊர்களின் ரிச்சர்டுக்கு விண்ணுலக மகிழ்ச்சி கிடைக்குமாறு இயேசுவிடம் மன்றாட வேண்டும் என்பது அதன் சாரம். படிக்கத் தெரியாதவர்களும் இந்தப் படத்தின் முன் வந்து நின்று, யாரேனும் விளக்கிச் சொல்லக் கேட்பார்கள் என்று அவர் எதிர்பார்த்ததை இதிலிருந்து அறியலாம்.

வட்டத்தின் உச்சியில், கடலுக்குள், நெருப்பு வளையம் சூழ்ந்த ஒரு சிறு தீவு. வாயில் அடைபட்ட அந்தத் தீவுதான் ஏதேன். உள்ளே ஆதாமும் ஏவாளும் நிற்கிறார்கள், சற்றுத் தள்ளி அவர்கள் வெளியேற்றப்படுகிறார்கள். கீழே வந்தால், படத்திலேயே மிகப் பெரிய கட்டடமாகப் பாபேல் கோபுரம் எழுந்து நிற்கிறது. செங்கடலுக்குச் செந்நிறமே பூசப்பட்டிருக்கிறது. இசுரயேல் மக்கள் எகிப்திலிருந்து புறப்பட்ட பாதை ஒரு கோடாக அக்கடலைக் கடந்து, பாலைநிலத்தில் வளைந்து வளைந்து அலைந்து, கடைசியில் எரிகோவை அடைகிறது. நாற்பது ஆண்டு அலைச்சலைச் சொல்ல அந்தக் கோட்டின் நெளிவுகளே போதும். சாக்கடலில் சோதோமும் கொமோராவும் மூழ்கிக் கிடக்க, கரையில் லோத்தின் மனைவி திரும்பிப் பார்த்தபடி நிற்கிறாள். எகிப்தின் பிரமிடு, பஞ்ச காலத்துக்காக யோசேப்பு தானியம் சேமித்த களஞ்சியமாகக் காட்டப்பட்டிருக்கிறது. கிரீட் தீவில் சிக்கலான வட்டச் சுருள்களாக ஒரு புதிர்ப்பாதை இருக்கிறது. விவிலியமும் கிரேக்கக் கதையும் ஒரே தோலில் அருகருகே இருப்பது வரைந்தவருக்கு முரணாகத் தோன்றவில்லை.

வட்டத்துக்கு வெளியேயும் பார்க்க வேண்டும். மேலே கிறிஸ்து தீர்ப்பு வழங்க அமர்ந்திருக்கிறார். மீட்கப்பட்டோர் அவருடைய வலக்கைப் பக்கமும் தண்டிக்கப்பட்டோர் இடக்கைப் பக்கமும் செல்கின்றனர். வட்டத்தைச் சுற்றி நான்கு இடங்களில் ஓரோர் எழுத்தாக, மரணம் என்று பொருள்படும் ‘மோர்ஸ்’ என்ற லத்தீன் சொல் எழுதப்பட்டிருக்கிறது. உலகம் எவ்வளவு விரிந்ததாயினும் அதற்கு வேலியாக நிற்பது சாவுதான் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. கீழே இடமூலையில் உரோமப் பேரரசர் அகுஸ்துஸ் உலகை அளந்து வர ஆட்களை அனுப்புகிறார். வலமூலையில் குதிரைமேல் ஒருவன், ‘முன்னே செல்’ என்ற பொருளுடைய வாசகத்தோடு, உலகத்தைத் திரும்பிப் பார்த்தவாறு போய்க்கொண்டிருக்கிறான்.

ஒரு பெரிய பிழையும் உண்டு. பொன்னெழுத்துகளில் எழுதப்பட்ட கண்டப் பெயர்களில் ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் இடம் மாறிவிட்டன. எழுதியவரின் கவனக்குறைவு என்றே பலர் கருதுகிறார்கள். ஹெரிஃபோர்டு ஊர் குறிக்கப்பட்ட இடமோ, தங்கள் ஊரைத் தொட்டுக் காட்டிய தலைமுறைகளின் விரல் பட்டுப்பட்டு ஏறத்தாழ அழிந்தே போயிருக்கிறது.

இந்தப் படத்தைப் பாராட்டும்போது அதன் இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சீனாய் மலையடியில் யூதர்கள் கன்றுக்குட்டிச் சிலையை வணங்கும் காட்சியில், அந்தச் சிலைக்கு முகமது நபியின் பெயரைத் திரித்த ஒரு பெயர் இடப்பட்டிருக்கிறது. ஒரே சித்திரத்தில் இரு சமயத்தவரையும் இழிவுபடுத்தும் வேலை இது. இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டு 1290இல் தம் நாட்டு யூதர்கள் அனைவரையும் வெளியேற்றினார். அந்த நிகழ்ச்சிக்குச் சில ஆண்டுகள் முன்பின்னாக உருவான படத்தில் இக்காட்சி இடம்பெற்றது தற்செயல் என்று என்னால் கருத இயலவில்லை.

கேள்வி: எருசலேமை உலகத்தின் நடுவில் வைப்பது தொடக்கத்திலிருந்தே இருந்த வழக்கமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லை. எருசலேமைச் சுற்றிலும் நாடுகள் இருக்குமாறு மக்களினங்களின் நடுவே அதை வைத்ததாகக் கடவுள் கூறும் வாக்கு எசேக்கியேல் நூலின் 5ஆம் அதிகாரத்தில் உண்டு. திருச்சபையின் தொடக்க கால அறிஞர்களும் அதை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஆனால் வரைபடம் வரைந்தவர்கள் அதை உடனே பின்பற்றிவிடவில்லை. இசிதோரின் நூலில் உள்ள எளிய படங்களில் எருசலேமின் பெயரே பெரும்பாலும் கிடையாது. 1099இல் சிலுவைப் போர் வீரர்கள் அந்நகரைக் கைப்பற்றிய பிறகுதான் அது படங்களின் மையத்தை நோக்கி நகர்கிறது. அது மையத்தில் உறுதியாக நிலைபெறும் 13ஆம் நூற்றாண்டுக்குள் நகரம் மீண்டும் கைவிட்டுப் போய்விட்டது. 1187இல் முஸ்லிம் அரசர் சலாதீன் அதை வென்றார். இடையே சில ஆண்டுகள் திரும்பக் கிடைத்தும் 1244இல் அது மறுபடி பறிபோயிற்று. சிலுவைப் போர் வீரர்களின் கடைசிக் கோட்டையான ஏக்கர் நகரும் 1291இல் வீழ்ந்தது. போக முடியாத நகரைத்தான் ஹெரிஃபோர்டில் நடுமையத்தில் வரைந்தார்கள். வட்டம் போடக் கவராயத்தின் முள்ளை ஊன்றிய துளை அந்நகரின் நடுவில் இன்றும் தெரிகிறது. படத்தின் வட்டம் அந்த ஒரு புள்ளியிலிருந்தே வரையப்பட்டது.

கேள்வி: அக்காலத்துக் கிறித்தவர்கள் பூமி தட்டையானது என்று நம்பியதால்தான் இப்படித் தட்டு வடிவில் வரைந்தார்கள் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். அது சரிதானே?
– மாணவி, கோயம்புத்தூர்

பதில்: சரியன்று. இன்றும் பல பாடநூல்களில் தொடரும் தவறான செய்தி அது. இங்கிலாந்துத் துறவி பீட் 725இல் எழுதிய காலக்கணிப்பு நூலில், பூமி கேடயம் போல வட்டமானது மட்டுமன்று, எல்லாப் பக்கமும் பந்து போல உருண்டையானது என்று தெளிவாகச் சொல்கிறார். ஏறத்தாழ 1230இல் சாக்ரோபோஸ்கோ எழுதிய, பல்கலைக்கழகங்களில் நூற்றாண்டுக் கணக்கில் பாடமாக இருந்த வானியல் நூல், பாய்மரத்தின் உச்சியில் இருப்பவனுக்குத் தெரியும் கரை கீழ்த்தளத்தில் நிற்பவனுக்குத் தெரியாமல் போவதைச் சான்றாகக் காட்டி, கடலின் பரப்பும் வளைந்ததே என்று நிறுவுகிறது. 1260களில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட ஒரு திருப்பாடல் நூலின் உலகப்படத்தில், வட்ட வடிவப் படத்துக்கு மேலே நிற்கும் கிறிஸ்துவின் கையில் மூன்றாகப் பகுக்கப்பட்ட ஒரு சிறு உருண்டை இருக்கிறது. தட்டையான படமும் உருண்டையான உலகமும் ஒரே பக்கத்தில் இருப்பது கண்கூடு. நம் வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப்படமும் தட்டையானதுதானே!

தட்டை உலகத்துக்காக வாதாடிய ஒருவர் உண்மையிலேயே இருந்தார். 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த வணிகர் கோஸ்மாஸ், மோசே அமைத்த ஆசரிப்புக் கூடாரத்தின் வடிவில், நீள்சதுரப் பெட்டியாக உலகம் அமைந்திருக்கிறது என்று எழுதினார். அவர் கிரேக்கத்தில் எழுதிய அந்நூலை மேற்கு ஐரோப்பா படிக்கவே இல்லை. எனவே அவரை இடைக்கால ஐரோப்பாவின் பிரதிநிதியாகக் காட்டுவது பொருந்தாது. தொடக்க காலத் திருச்சபை அறிஞர் புனித அகுஸ்தீன் போன்றோர் ஐயப்பட்டது வேறொன்றை. உருண்டையின் மறுபுறத்தில் மனிதர்கள் வாழ்ந்தால், ஆதாமின் மக்கள் கடக்க முடியாத கடலைக் கடந்து அங்கே எப்படிப் போயிருக்க முடியும் என்பதே அவர் எழுப்பிய வினா. தட்டை உலகக் கதை பரவியதில், அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் 1828இல் வெளியிட்ட கொலம்பஸ் வரலாற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

கேள்வி: இந்தியாவும் இலங்கையும் இப்படங்களில் எப்படிக் காட்டப்பட்டுள்ளன?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இந்தியா படத்தின் மேற்பகுதியில், ஏதேனுக்குப் பக்கத்து வீடாக அமைந்திருக்கிறது. அந்த அண்மையே அதற்கு ஒரு பெருமையையும் அச்சத்தையும் சேர்த்தே தந்தது. முத்தும் மணியும் நறுமணப் பொருள்களும் விளையும் நாடு என்ற பெருமை ஒருபுறம் இருக்க, விநோத மனிதர்களின் இருப்பிடமாகவும் அது வரையப்பட்டது. ஒற்றைக் காலுடன், படுத்தபடியே பெரிய பாதத்தைக் குடையாகப் பிடித்து வெயிலுக்கு மறைத்துக்கொள்ளும் மனிதன் அவர்களில் மிகவும் அறியப்பட்டவன். இந்தக் கதைகள் கிறித்தவம் உண்டாக்கியவை அல்ல. பாரசீக அரசவையில் மருத்துவராக இருந்த தெசியாஸ், சந்திரகுப்த மௌரியரின் அவைக்கு வந்த மெகஸ்தனிஸ் ஆகிய கிரேக்கர்கள் எழுதி, முதல் நூற்றாண்டில் உரோமானியரான பிளினி தொகுத்து, அங்கிருந்து படங்களுக்கு வந்து சேர்ந்தவை. இத்தகையோர் உண்மையில் இருந்து, அவர்கள் அறிவுள்ள மனிதர்களாகவும் இருந்தால், உருவம் எதுவாயினும் ஆதாமின் மக்களே என்று அகுஸ்தீன் எழுதினார். அந்த வாக்கியத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் வரைபடங்களில் அவர்கள் எப்போதும் விளிம்பிலேயே நிறுத்தப்பட்டார்கள்.

இலங்கை அந்நாளைய பெயரான தப்ரோபனே என்று குறிக்கப்படுகிறது. முத்தும் மணியும் நிறைந்த தீவு, ஒரு பகுதியில் யானைகளும் விலங்குகளும், மறுபகுதியில் மனிதர்கள், ஓராண்டில் இரண்டு கோடை, இரண்டு குளிர்காலம், இருமுறை பூக்கும் நிலம் என்கிறார் இசிதோர். இரு பருவக்காற்றுகளால் ஆண்டு பகுக்கப்படும் தீவைப் பற்றிய மாலுமிகளின் பேச்சு பல வாய் மாறி அவரை அடைந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேலே சொன்ன கோஸ்மாஸ் இந்த இடத்தில் பெரிதும் பயன்படுகிறார். உலகத்தின் வடிவத்தில் முற்றிலும் தவறிய அவர், வணிகச் செய்திகளில் கவனமானவர். மலபாரின் மிளகுத் துறைமுகங்களையும், இலங்கையில் இருந்த பாரசீகக் கிறித்தவர்களையும், சங்கு ஏற்றுமதி செய்யும் மரல்லோ என்ற துறையையும், காபேர் என்ற துறையையும் குறிப்பிடுகிறார். காபேர் என்பது காவிரிப்பூம்பட்டினம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

தமிழ் மண்ணோடு தொடர்புடைய இன்னொரு படமும் உண்டு. 8ஆம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவி பேயாத்துஸ் எழுதிய திருவெளிப்பாட்டு விளக்கவுரையின் ஒரு பிரதி, 1086இல் எழுதப்பட்டு, ஸ்பெயினின் ஓஸ்மா பேராலயத்தில் இருக்கிறது. அதன் உலகப்படத்தில் திருத்தூதர்கள் ஒவ்வொருவரின் தலையும் அவரவர் நற்செய்தி அறிவித்த நாட்டில் வரையப்பட்டிருக்கிறது. உரோமையில் பேதுரு, இந்தியாவில் தோமா. மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டதாக மரபு கூறும், சாந்தோம் பேராலயத்தில் மக்கள் வணங்கும் அதே தோமாதான்.

கேள்வி: இவற்றை வைத்துக்கொண்டு கப்பல் ஓட்டினார்களா? பின்னர் எப்போது கைவிடப்பட்டன?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: கப்பல் ஓட்டவில்லை. மாலுமிகளுக்கு வேறு படங்கள் இருந்தன. ஹெரிஃபோர்டு படம் உருவான அதே காலத்தில், மத்தியதரைக் கடலின் கரைகளையும் துறைமுகப் பெயர்களையும் திசைக்கோடுகளோடு காட்டும் ‘கார்த்தா பிசானா’ என்ற கடற்படமும் உருவாகிவிட்டது. அதன் மத்தியதரைக் கரையோரங்கள் இன்றைய படத்தோடு வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகின்றன. ஆகவே சரியாக வரையும் திறமை இருந்தது. எந்தப் படம் எதற்கு என்ற தெளிவும் இருந்தது.

மாற்றம் மெல்ல வந்தது. பழங்காலக் கிரேக்க அறிஞர் தாலமியின் புவியியல் நூல் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லத்தீனுக்கு வந்தது. வெனிஸ் அருகே சான் மிக்கேல் மடத்துத் துறவி ஃப்ரா மவுரோ ஏறத்தாழ 1450இல் வரைந்த பெரிய உலகப்படத்தில் தெற்கு மேலே இருக்கிறது, ஏதேன் வட்டத்துக்கு வெளியே மூலைக்குப் போய்விட்டது, எருசலேமும் நடுவில் இல்லை. அதற்கு அவர் படத்திலேயே காரணம் எழுதினார். வெறும் நிலப்பரப்பைக் கணக்கிடாமல் மக்கள் நெருக்கத்தைக் கணக்கிட்டால், ஐரோப்பாவில் மக்கள் மிகுதி என்பதால், எருசலேம் இன்னும் நடுவேதான் இருக்கிறது என்பது அவர் வாதம். அளவையும் விட முடியாமல் நம்பிக்கையையும் விட முடியாமல் அவர் தேடிக் கண்ட இந்த வழியில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. பழைய பார்வை அத்தோடு மறைந்துவிடவும் இல்லை. 1498இல் மூன்றாம் பயணத்தின்போது தென் அமெரிக்காவின் ஒரினோகோ ஆற்று முகத்தில் பெருகிவந்த நன்னீரைக் கண்ட கொலம்பஸ், பூவுலகச் சொர்க்கத்துக்கு அருகில் வந்துவிட்டதாகவே எழுதினார்.

கேள்வி: இப்படங்களை இன்று எங்கே காணலாம்?
– வாசகி, சென்னை

பதில்: ஹெரிஃபோர்டு படத்தை 1988இல் நிதி நெருக்கடி காரணமாக விற்கப் பேராலய நிர்வாகம் முன்வந்தது. எழுந்த எதிர்ப்பாலும் வந்து சேர்ந்த நன்கொடைகளாலும் அது தப்பியது. 1996 முதல் அதற்கெனக் கட்டப்பட்ட கட்டடத்தில் பேராலய வளாகத்திலேயே இருக்கிறது. யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2007இல் சேர்க்கப்பட்டது. திருப்பாடல் நூலின் படம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும், ஃப்ரா மவுரோவின் படம் வெனிசிலும் உள்ளன. ஜெர்மனியின் எப்ஸ்டார்ஃப் கன்னியர் மடத்துப் படத்தை இனிக் காண வழியில்லை. 30 ஆட்டுத்தோல்களை இணைத்து, மூன்றரை மீட்டருக்கும் மேற்பட்ட அகலத்தில், கிறிஸ்துவின் தலை கிழக்கிலும் கைகள் வடக்கிலும் தெற்கிலும் பாதங்கள் மேற்கிலும் தெரிய, உலகமே அவர் உடலாக வரையப்பட்ட அந்தப் படம் 1943இல் ஹனோவர் நகரின்மேல் நடந்த குண்டுவீச்சில் எரிந்துபோயிற்று. முன்பே எடுத்துவைத்த ஒளிப்படங்களைக் கொண்டு உருவாக்கிய நகல்களே இப்போது இருக்கின்றன. நேரில் செல்ல இயலாதவர்கள் ஹெரிஃபோர்டு படத்தின் தெளிவான பதிப்பை இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். முதன்முறை பார்ப்பவர்கள் செங்கடலைக் கண்டுபிடித்து, இசுரயேல் மக்களின் பயணக்கோட்டை எரிகோ வரை பின்தொடர்ந்தால், மற்ற இடங்கள் எளிதாகப் பிடிபடும்.